மல்லாட்டை

எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பேர்.
மணிலாக்கொட்டை தேய்ந்து தேய்ந்து
அப்படி ஆனதாம், போஸ்ட்மாஸ்டர் சொல்வார்.
மணிலா எந்தத் திக்கில் என்று அவருக்கும் தெரியாது.
பேரேட்டில் மட்டும் நான் கடலை என்று எழுதுவேன்.
கடலை நிறுத்தோம். கடலை உடைத்தோம்.
கடலை மூட்டை கட்டி ரயிலில் ஏற்றினோம்.
கடலைப் பார்த்ததில்லை நான்.

பிரமோதூத வருஷம், மார்கழி.
வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் பின்னால்
வேதாசல முதலியார் மண்டி.
விடியுமுன் தனபாக்கியம் குடம் குடமாய் ஊற்றுவாள்
தோலோடு குவிந்த கொட்டையின்மேல்.
நனைந்த தோல் தடிக்குச் சீக்கிரம் பணியும்.
பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு தடிகள்,
பனியில் ஒரே சத்தம்.
தோலுக்கு நாலு குடம் போதும்.
ஐந்தாவது முதலியாரின் எடைக்கு.
ஆறாவது, மறைப்பானேன், எனக்கு.

ஈரம் ரயிலேறும். விழுப்புரத்தில் வண்டி மாறும்.
புதுச்சேரியில் படகேறி, கப்பலேறி,
ஒரு மாதம் இருட்டில் புழுங்கி
மார்சேலில் இறங்கும்.
பிறகு கடுதாசி வரும்:
உங்கள் கரைக் கொட்டையில் எண்ணெய் புளிக்கிறது,
சோப்புக்குத்தான் ஆகும்,
நூற்றுக்கு நாலு தள்ளுபடி.
கம்பெனி அதை முதலியாரிடம் பிடிக்கும்,
முதலியார் சம்சாரியிடம் பிடிப்பார்,
அப்படியும் மிஞ்சிய ஈரம்
தனபாக்கியத்தின் கூலியில் வந்து வற்றும்.
அவள் ஊற்றிய தண்ணீர்
சமுத்திரம் சுற்றி அவளிடமே சேர
நாலு மாதம்.

அன்று தந்தி காலை பத்துக்கு வந்தது.
கண்டிக்கு முப்பத்தெட்டு ரூபாய் என்று
முந்தின நாள் மசி இன்னும் பளபளத்தது.
ஞானமுத்து சைக்கிளில் கொண்டுவந்த தாளில்
இருபத்தொன்று.
முதலியார் படித்தார், மடித்தார்,
வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்தார்.
"இப்ப எழுதாதே. வண்டிங்க வரட்டும்."

லத்தேரியிலிருந்து ராத்திரி பூட்டிய வண்டிகள்
அந்நேரம் பாலாற்று மணலில்
அச்சுவரை புதைந்து நின்றன.
விலை கம்பியில் வருகிறது,
சரக்கு மாட்டுக்காலில்.

கோபண்ண நாயுடு வந்து இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது.
கம்பும் கேழ்வரகும் விளைந்த நாலு காணியிலும்
அவர் இப்போது மல்லாட்டைதான்.
தின்பது ரங்கூன் அரிசி.
தை பிறந்தால் கிஸ்தி.
விலையைச் சொன்னேன்.
தலைப்பாகையை அவிழ்த்து உதறினார்,
என்னைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்துக் கேட்டார்:
"அந்தூர்க்காரங்க குளிக்கிறத நிறுத்திட்டாங்களா?"

தனபாக்கியம் சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.
தந்தியில் காரணம் எழுத மாட்டார்கள்,
ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு.

திருப்பி ஓட்டிப்போக அவரால் முடியாது.
விதைக்கு வாங்கியது எங்களிடம்தான்.
அசல், வட்டி, தரகு, சாக்குக் கூலி, கோயில் மகமை,
எல்லாம் என் கையெழுத்து, அழகான கையெழுத்து.
முப்பத்தேழு மூட்டை கொண்டுவந்தவர்
ஆறரை ரூபாய் பாக்கியோடு வண்டி பூட்டினார்.
எதிர்க்கடையில் ரங்கூன் அரிசியும்
என்றுமில்லாத மலிவு.
நின்று ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்,
திரும்பக் கொட்டினார்.

அன்றிரவு நான் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்.

விடியுமுன் கிணற்றடியில்
குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு
தனபாக்கியம் கேட்டாள்:
"விலைதான் இறங்கிப்போச்சே. எத்தினி ஊத்தட்டும்?"
நாலு என்று சொல்ல வாயெடுத்தேன்.

உள்ளேயிருந்து, கொட்டாவியோடு,
முதலியார் குரல்:
"ஏழு."